கதிர்வீச்சு கண்ட கழுத்தில் அறுவை: புண் ஏன் ஆற மறுக்கிறது, மூன்று வாரத்தில் எதை மாற்றலாம்

கேள்வி இது: அப்பாவுக்கு 61 வயது. குரல்வளைப் புற்றுநோய்க்கு 2 ஆண்டுக்கு முன் 35 முறை கதிர்வீச்சும் கூடவே கீமோவும் கொடுத்தார்கள். இப்போது மறுபடி வந்திருக்கிறது, குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டும் என்கிறார்கள். சர்க்கரை உண்டு, பீடி உண்டு, 5 மாதத்தில் 61 கிலோவிலிருந்து 54-க்கு இறங்கிவிட்டார். "ஆபரேஷன் செய்துவிடலாம், புண் ஆறுவதுதான் கவலை" என்கிறார் டாக்டர். அது ஏன்? அறுவைக்கு 3 வாரம் இருக்கிறது, நாங்கள் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

உண்டு. ஆனால் கவலைகள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. உங்கள் அப்பாவின் விஷயத்தில் மிகப் பெரிய காரணம் ஏற்கெனவே வாங்கிய கதிர்வீச்சு. அதை இனி யாரும் திருப்பி எடுக்க முடியாது. அதற்கு மாற்று ஏற்பாடு செய்வது அறுவை நிபுணரின் வேலை. அடுத்த வரிசையில் நிற்பவை எடை இழப்பு, தைராய்டு, சர்க்கரை, பீடி, இரத்தச்சோகை. இவை ஐந்தும் 3 வாரத்தில் கொஞ்சமாவது நகர்த்தக் கூடியவை. வயதை நினைத்து வீட்டில் எல்லாரும் பயப்படுவார்கள். 61 வயது தனியாக ஒரு புண்ணையும் ஆறவிடாமல் செய்வதில்லை.

முதலில், இந்த அறுவை மற்றவற்றிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று பார்ப்போம். வயிற்றிலோ காலிலோ தோலை வெட்டித் தைத்தால் தையலுக்கு அடியில் இருப்பது சதை. இங்கே அடியில் இருப்பது தொண்டை. குரல்வளையை எடுத்தபின் மிஞ்சும் தொண்டைச் சவ்வை மறுபடி ஒரு குழாயாகத் தைத்து மூடுவார்கள். அந்தத் தையலுக்கு ஓய்வே கிடையாது. ஒருவர் சாப்பிடாமல் இருந்தாலும் நாளுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை எச்சில் ஊறும். கிருமிகள் நிறைந்த அந்த எச்சில் ஒவ்வொரு விழுங்கலிலும் புதுத் தையலின் மேல்தான் இறங்கும். ஓரிடத்தில் தையல் விட்டுக்கொடுத்தால் எச்சில் தோலுக்கு அடியில் தேங்கி, சீழாகி, கடைசியில் கழுத்துத் தோலைப் பிளந்துகொண்டு வெளியே வரும். இதைத்தான் ஃபிஸ்டுலா என்கிறார்கள், தொண்டையிலிருந்து தோலுக்கு ஒரு புரைவழி. தலை, கழுத்து அறுவையில் "புண் பிரச்சினை" என்று டாக்டர் சொன்னால் பெரும்பாலும் மனதில் வைத்திருப்பது இதைத்தான். தோல் ஓரம் கொஞ்சம் கறுப்பதும் தையல் ஓரிடத்தில் பிரிவதும் இதன் பக்கத்தில் சின்ன விஷயம். அந்த எச்சில் தேங்கும் இடத்துக்கு வெகு அருகில் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி போகிறது. கவலையின் வேர் அங்கே இருக்கிறது.

கதிர்வீச்சுக்கு வருவோம். நம் ஊரில் "கரண்ட் வைத்தது" என்று சொல்கிறார்களே, அதில் 35 முறை என்றால் வழக்கமாக மொத்தம் 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). புற்றுச் செல்களை அழிக்கும்போதே வழியில் உள்ள சின்னஞ்சிறு இரத்தக் குழாய்களின் உள்சுவரையும் அது கெடுக்கிறது. உள்சுவர் தடித்து, குழாய் குறுகி, மாதக்கணக்கில் மெல்ல அடைபடும். தோலுக்கும் தசைக்கும் நடுவே நார் படர்ந்து கழுத்து பலகை போல் இறுகும். காயத்தை நிரப்ப வேண்டிய செல்களும் குறைந்துவிடும். இரத்தம் இல்லை, பிராணவாயு இல்லை, வேலைக்கு ஆளும் இல்லை. இந்த நிலை காலம் போகப்போகச் சரியாவதில்லை. "2 வருஷம் ஆகிவிட்டதே" என்பது ஆறுதலாகாது.

அமெரிக்காவில் குரல்வளைப் புற்றுக்காக நடந்த ஆர்.டி.ஓ.ஜி. 91-11 என்ற ஆய்வில், சிகிச்சைக்குப் பிறகும் நோய் தங்கி அல்லது திரும்பி, குரல்வளையை எடுக்க நேர்ந்தவர்களைத் தனியாகப் பார்த்தார்கள். கதிர்வீச்சு மட்டும் வாங்கியவர்களில் 15 சதவீதத்தினருக்கும், கதிர்வீச்சும் கீமோவும் ஒருசேர வாங்கியவர்களில் 30 சதவீதத்தினருக்கும் ஃபிஸ்டுலா வந்தது. உங்கள் அப்பா இரண்டாவது வகை. பத்தில் மூன்று என்பது பெரிய எண்தான். ஆனால் அதே எண் பத்தில் ஏழு பேருக்கு வரவில்லை என்றும் சொல்கிறது. வந்தவர்களிலும் பலருக்கு அது ஆறிவிடும்.

இதற்கு அறுவை நிபுணர் செய்யக்கூடிய பெரிய விஷயம், கதிர்வீச்சு படாத புதுத் தசையைக் கழுத்துக்குள் கொண்டுவருவது. மார்புத் தசையை அதன் இரத்தக் குழாயோடு கழுத்தெலும்புக்கு மேலாகத் திருப்பி, தைத்த தொண்டையின் மேல் போர்த்துவார்கள். அல்லது தொடையிலிருந்து சதையை எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் கழுத்தின் இரத்தக் குழாய்களோடு இணைப்பார்கள். தொண்டைச் சவ்வு தாராளமாக மிஞ்சியிருந்தால் போர்த்துவது போதும். குறைவாக இருந்தால் இழுத்துத் தைக்கக் கூடாது, இழுவை உள்ள தையல் எளிதில் பிரியும். அப்போது புதுச் சதையையே தொண்டையின் சுவராக வைத்து ஒட்டுப்போட வேண்டும். போர்த்துவதால் ஃபிஸ்டுலா அறவே வராது என்றில்லை. வருவது குறையும், வந்தாலும் சிறிதாக இருக்கும், தமனிக்கு மேல் ஒரு மெத்தை கிடைத்துவிடும். ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "தொண்டையை மூடும்போது வெளியிலிருந்து தசை கொண்டுவருவீர்களா?" கதிர்வீச்சும் கீமோவும் சேர்ந்து கண்ட கழுத்தில் அதைத் தவிர்க்கிறார்கள் என்றால் காரணம் கேட்பதில் தப்பில்லை.

வெட்டும் கோடுகூடக் கணக்குதான். மூன்று கோடுகள் சந்திக்கும் முனை இரத்தம் மிகக் குறைந்த இடம், தோல் முதலில் சாவது அங்கேதான். அந்த முனை கரோட்டிட் தமனியின் மேல் விழக்கூடாது என்பது பால பாடம். கதிர்வீச்சு கண்ட கழுத்தில் பெரும்பாலும் முனையே இல்லாமல், ஒரே வளைவாக, ஏப்ரன் மடிப்பு போல் வெட்டுவார்கள். இது உங்கள் கையில் இல்லை, தெரிந்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பேச்சுக்கான சிலிகான் வால்வுக்கு மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே துளையிடுவதை இந்த அறுவையிலேயே செய்யாமல் சிலர் தள்ளிப்போடுவார்கள். அதற்கும் காரணம் இதே ஆறாத கழுத்துதான்.

இனி உங்கள் கையில் இருப்பவை. எல்லாரும் மறந்துபோகும் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்: தைராய்டு. கழுத்தில் கதிர்வீச்சு பட்டவர்களில் நிறையப் பேருக்கு ஓரிரண்டு ஆண்டில் தைராய்டு சுரப்பு குறைந்துவிடுகிறது. சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை எல்லாவற்றையும் "கேன்சர்னா அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவார்கள். சுரப்பு குறைந்த உடம்பில் காயம் ஆறும் வேகமும் குறையும். குரல்வளை எடுத்தவர்களில் தைராய்டு குறைவாக இருந்தவர்களுக்கு ஃபிஸ்டுலா அதிகம் வந்ததாக ஆய்வுகள் உண்டு. போதாக்குறைக்கு, இந்த அறுவையில் பாதி தைராய்டையோ முழுதையுமோ சேர்த்து எடுப்பதும் வழக்கம். ஆகவே தைராய்டு குறைவைக் காட்டும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனையை இன்றே செய்யுங்கள். அறுவைக்குப் பின் ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி பாருங்கள். மாத்திரை தொடங்கினால் முழுப் பலன் வர 5, 6 வாரம் ஆகும். அதற்காக அறுவையை ஒத்திப்போட வேண்டியதில்லை, மிகக் கடுமையான குறைவாக இருந்தால் மயக்க மருந்து டாக்டர் முடிவு செய்வார். ஒரு நடைமுறை விஷயம்: மூக்கு வழியே வயிற்றுக்கு ஊட்டும் குழாயான ரைல்ஸ் டியூப் போட்டபின் தைராய்டு மாத்திரையைப் பொடித்துப் பாலோடு கலந்து விடுகிறார்கள். அப்படிக் கொடுத்தால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. காலை முதல் கஞ்சிக்கு ஒரு மணி நேரம் முன்பே வெறும் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

அடுத்தது சாப்பாடு. மூன்று வாரத்தில் அதிக லாபம் தரக்கூடியது இதுதான், அதிகம் சொதப்பப்படுவதும் இதுதான். 5 மாதத்தில் 61-லிருந்து 54 என்றால் 11 சதவீதத்துக்கு மேல் இழப்பு. 6 மாதத்தில் 10 சதவீதத்தைத் தாண்டினாலே கடுமையான ஊட்டக்குறைவு என்று கணக்கு. புது சவ்வும் நாரும் நெய்வதற்கு வேண்டிய புரதம் உடம்பில் இல்லாவிட்டால் தையல் நூல் மட்டும் எத்தனை நாள் தாங்கும்?

தேவை எவ்வளவு? நாளுக்குக் கிலோவுக்கு 30 கலோரி, புரதம் 1.2 முதல் 1.5 கிராம். 54 கிலோவுக்கு 1,620 கலோரி, 65 முதல் 81 கிராம் புரதம். இப்போது வீட்டில் நடப்பதைப் பாருங்கள். "நல்லா குடிக்கிறார், 2 மணிக்கு ஒரு தம்ளர் கஞ்சி" என்பார்கள். நீர்த்த கஞ்சியில் தம்ளருக்கு 10 கிராம் அரிசி இருந்தால் அதிகம், அதாவது 35 கலோரி. ஒன்பது தம்ளர் குடித்தாலும் 315 கலோரி, புரதம் 7 கிராமைத் தொடாது. இளநீர், ரசம், பழச்சாறு எல்லாம் இதே கதைதான். வயிறு நிறைகிறது, உடம்பு பட்டினி கிடக்கிறது.

54 கிலோ ஆளுக்கு வேலைக்காகும் ஒரு நாள் அளவு இப்படி இருக்கலாம்: பால் 1 லிட்டர் (600 கலோரி, 32 கிராம் புரதம்), வேகவைத்த முட்டை 4 (290 கலோரி, 24 கிராம்), இன்னும் 2 முட்டையின் வெள்ளைக்கரு மட்டும் (7 கிராம்), பாசிப்பருப்பு 60 கிராம் (210 கலோரி, 14 கிராம்), கேழ்வரகு மாவு 100 கிராம் (340 கலோரி, 7 கிராம்), எண்ணெய் 20 மில்லி (180 கலோரி). மொத்தம் 1,650 கலோரிக்குப் பக்கம், புரதம் 84 கிராம். குடிக்க முடிந்தால் குடிக்கட்டும். முடியாவிட்டால் அறுவைக்கு முன்பே ரைல்ஸ் டியூப் போட்டு 10 முதல் 14 நாள் ஊட்டுவது நல்ல முடிவு, அதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். குழாயில் கொடுப்பதானால் எல்லாவற்றையும் வேகவைத்து மிக்சியில் அரைத்து வடிகட்டி, காலை 6 முதல் இரவு 10 வரை 2 மணிக்கு ஒரு முறை, 9 வேளை, வேளைக்கு 200 முதல் 220 மில்லி. முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் இரண்டே நாளில் குழாய் அடைக்கும். தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்கட்டும், ஊட்டி முடித்த அரை மணி நேரத்துக்குப் படுக்க வைக்காதீர்கள். பச்சை முட்டையைக் கலக்காதீர்கள், கிருமி ஆபத்து உண்டு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரத அளவை டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பல வாரமாகக் கிட்டத்தட்ட எதுவுமே சாப்பிடாதவருக்கு முதல் நாளே முழு அளவைக் கொட்டக் கூடாது. இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் திடீரென்று சரிந்து இதயம் தடுமாறும் ஆபத்து உண்டு. மருத்துவமனையில் இவற்றைப் பரிசோதித்து, தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து, குறைவாகத் தொடங்கிச் சில நாளில் ஏற்றுவார்கள்.

பத்தியம் பற்றியும் சொல்லியாக வேண்டும். "புண் ஆறும் வரை முட்டை, மீன், பருப்பு ஆகாது, சீழ் பிடிக்கும்" என்று உறவினர்கள் வரிசையாக வந்து சொல்வார்கள். சீழ் கிருமியால் வருகிறது, முட்டையால் அல்ல. புரதத்தை வெட்டுகிற பத்தியம் காயத்தை ஆறவிடாமல் செய்யும் நேரடியான வழி. இதில் மட்டும் பெரியவர்களை மீற வேண்டியிருக்கும். இன்னொரு பக்கம், இரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதம் குறைவாக இருக்கிறது என்று ஆயிரக்கணக்கில் செலவழித்து அல்புமின் பாட்டில் ஏற்றச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. இரத்தத்தில் அல்புமின் 3.5-க்குக் கீழே இருப்பது ஆபத்தின் அடையாளம்தான். ஆனால் அது ஊட்டத்தை மட்டும் காட்டுவதில்லை, உடம்பில் அழற்சி இருந்தாலும் குறையும். பாட்டிலில் ஏற்றினால் எண் ஏறும், புண் ஆறுவதில் லாபம் வராது. அந்தப் பணத்தை முட்டைக்கும் பாலுக்கும் செலவிடுங்கள்.

சர்க்கரை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9, 10 என்று இருந்தால் அதை 7-க்குக் கொண்டுவர 3 மாதம் வேண்டும், புற்றுநோய்க்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆகவே அந்தச் சராசரியைத் துரத்தாமல், அறுவையன்றும் அடுத்த ஒரு வாரமும் தினசரி எண்ணைப் பிடித்து வைப்பதே குறி. 140-க்கும் 180-க்கும் இடையில் இருந்தால் போதும். 180-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் வெள்ளையணுக்களின் கிருமி விழுங்கும் திறன் மந்தமாகிறது. ரொம்ப இறுக்கிப் பிடித்து 70-க்குக் கீழே போவதும் ஆபத்து. இரண்டு இடங்களில் எண் எகிறும்: தொண்டை வீக்கத்துக்கோ வாந்திக்கோ டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டபின், ரைல்ஸ் டியூப் ஊட்டல் தொடங்கியபின். அப்போது இன்சுலின் அளவை அதற்கேற்ப மாற்றாவிட்டால் ஒரே நாளில் 300 தொடும். மாத்திரைச் சீட்டையும் ஒருமுறை பாருங்கள். டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின், கனாக்லிஃப்ளோசின் இவற்றில் ஏதாவது இருந்தால் அறுவைக்கு 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை எண் சாதாரணமாகத் தெரியும்போதே இரத்தம் அமிலமாகும் அபாயம் உண்டு. டாக்டரிடம் சொல்லி மாற்று வாங்குங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பீடி. நிக்கோடின் தோலின் சிறு குழாய்களைச் சுருக்குகிறது, புகையின் கார்பன் மோனாக்சைடு சிவப்பணுவில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஏற்கெனவே கதிர்வீச்சு இரத்தத்தைக் குறைத்த கழுத்தில் இது இரட்டை அடி. 4 வாரம் முன்பே நிறுத்தினால் காயச் சிக்கல் குறைவது தெளிவாகத் தெரிகிறது. உங்களுக்கு 3 வாரம்தான் இருக்கிறது, பரவாயில்லை. கார்பன் மோனாக்சைடு ஒரு நாளிலேயே வடிந்துவிடும். "கடைசி நேரத்தில் நிறுத்தினால் சளி கட்டி இன்னும் கெடும்" என்று சொல்வதை நம்பி ஊதிக்கொண்டே இருக்க வேண்டாம். வாயில் அதக்கும் புகையிலையும் நிக்கோடின்தான், "புகை விடலையே" என்பது கணக்கில் வராது. நிக்கோடின் மெல்லும் பசை, தோலில் ஒட்டும் பட்டை பயன்படுத்தலாமா என்றால், பீடியை விட அவை மேல். ஆனால் நுண்ணோக்கி கொண்டு இரத்தக் குழாய் இணைக்கும் அறுவை என்றால் நிபுணரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

குடிப்பழக்கம் இருந்தால் வெட்கப்படாமல் அளவைச் சொல்லிவிடுங்கள். குடி நின்ற 2, 3-ஆம் நாளில் நடுக்கமும் பிதற்றலும் வரலாம். அந்தக் குழப்பத்தில் ஆள் ரைல்ஸ் டியூபையும், காயத்தில் ஊறும் திரவத்தை வெளியே வடிக்கும் டிரெயின் குழாயையும் பிடுங்கி எறிவார். புதுத் தையலுக்கு அதைவிடக் கெடுதல் எதுவுமில்லை. முன்கூட்டியே தெரிந்தால் மருந்து கொடுத்துச் சமாளிப்பார்கள்.

ஹீமோகுளோபின். குரல்வளை எடுத்தவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அறுவைக்குப் பின் 12.5-க்குக் கீழே இருந்தவர்களுக்கு ஃபிஸ்டுலா அதிகம். முன்பே மூச்சுவிடக் கழுத்தில் துளை போட்டவர்களுக்கும் அப்படியே. அதற்காக எல்லாருக்கும் இரத்தம் ஏற்றி 12.5-ஐத் தொட வேண்டும் என்று அர்த்தமில்லை, இரத்தம் ஏற்றுவதற்கே சொந்தச் சிக்கல்கள் உண்டு. இப்போதே ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), வைட்டமின் பி12 பார்த்து, குறைவு இருந்தால் இரும்பை நரம்பில் ஏற்றினால் 3 வாரத்தில் ஓரளவு ஏறும். மாத்திரைக்கு இவ்வளவு நேரம் போதாது.

வாயும் பல்லும் பத்து நிமிடப் பேச்சு. ஆடும் சொத்தைப் பல்லும் கல் படிந்த ஈறும் எச்சிலில் கிருமிகளின் எண்ணிக்கையைப் பெருக்கும். சுத்தம் செய்துகொள்வதும் குளோர்ஹெக்சிடின் கொப்புளிப்பும் நல்லது. ஆனால் கதிர்வீச்சு கண்ட தாடையில் பல் பிடுங்குவதை உள்ளூர் கிளினிக்கில் சட்டென்று செய்துவிடாதீர்கள். பிடுங்கிய குழி ஆறாமல் தாடை எலும்பே செத்துப்போகலாம். கதிர்வீச்சு விவரத்தைச் சொல்லி, புற்றுநோய் மருத்துவரைக் கேட்டபின்தான்.

ஆன்டிபயாடிக் விஷயத்தில் பொதுவாக மக்கள் நினைப்பதற்கு நேர்மாறாக நிலைமை இருக்கிறது. முக்கியம் எத்தனை நாள் என்பதல்ல, முதல் டோஸ் எப்போது என்பது. வெட்டுவதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் செஃபசோலின் 2 கிராம், காற்றில்லாமல் வளரும் வாய்க் கிருமிகளுக்காக மெட்ரோனிடசோல் 500 மில்லிகிராம், அறுவை நீண்டால் 4 மணிக்கு ஒரு முறை மறுபடி செஃபசோலின், 24 மணி நேரத்தில் நிறுத்தம். 7 நாள் நீட்டிப்பதால் தொற்று குறைவதில்லை, மருந்துக்கு அடங்காத கிருமிதான் வளரும். "பென்சிலின் ஒத்துக்காது" என்று 30 வருடத்துக்கு முன் யாரோ எழுதிய குறிப்பு கோப்பில் இருந்தால், உண்மையில் என்ன ஆனது என்று நினைவுபடுத்திச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பால் மாற்று ஆன்டிபயாடிக்கான கிளிண்டமைசின் மட்டும் வாங்கியவர்களுக்குக் கழுத்துத் தொற்று அதிகம் வருகிறது. வெறும் வயிற்றுப்போக்கு ஒவ்வாமை ஆகாது.

இனி அறுவை முடிந்தபின் பக்கத்தில் இருப்பவர் பார்க்க வேண்டியவை. முதல் 48 மணி நேரத்தில் பயம் இரத்தக் கசிவு. டிரெயின் பாட்டிலில் திடீரென்று சிவப்பு ஏறுவது, அல்லது பாட்டில் காலியாக இருக்க ஒரு பக்கக் கழுத்து உப்புவது, இரண்டும் உடனே கூப்பிட வேண்டியவை. இரண்டாவதுதான் ஏமாற்றும்: குழாய் அடைபட்டிருக்கும், இரத்தம் உள்ளே தேங்கும். தேங்கிய இரத்தம் தோலைத் தொண்டையிலிருந்து பிரித்து வைத்து, கிருமிக்கு விருந்து வைக்கிறது. மார்புத் தசையைக் கொண்டுவந்திருந்தால் அதன் இரத்தக் குழாய் கழுத்தெலும்பின் மேல் தோலுக்கு அடியில் ஓடும். அந்த இடத்தில் இறுக்கிக் கட்டுப் போடுவதோ, கழுத்தில் உள்ள மூச்சுக் குழாயைக் கட்டும் நாடாவை இறுக்குவதோ கூடாது. ஒட்டுச் சதை வெளிறிச் சில்லிட்டால் தமனி போகவில்லை என்று அர்த்தம். நீலமாகக் கறுத்து உப்பினால் சிரை அடைத்திருக்கிறது. நுண்ணோக்கி ஒட்டில் இரண்டுக்கும் சில மணி நேரம்தான் அவகாசம். முதல் நாள் மணிக்கொரு முறை நர்ஸ் டார்ச் அடித்துப் பார்ப்பது இதற்காகத்தான், "தூங்கட்டும், எழுப்பாதீங்க" என்று தடுக்காதீர்கள்.

டிரெயினை 24 மணி நேரத்தில் 25, 30 மில்லிக்குக் கீழே குறைந்தபின் எடுப்பார்கள். ஊட்டல் தொடங்கியதும் பாட்டிலில் மோர் நிறத்தில் திரவம் வந்தால் அது சீழ் அல்ல. கழுத்தின் அடியில், பெரும்பாலும் இடப்பக்கம், கொழுப்பைச் சுமக்கும் நிணக்குழாய் கசிகிறது. கொழுப்பில்லா ஊட்டமும் அழுத்தக் கட்டும் பலருக்குப் போதும்.

ஃபிஸ்டுலா தலைகாட்டுவது பெரும்பாலும் 5-ஆம் நாளுக்கும் 14-ஆம் நாளுக்கும் இடையே. வரிசை இப்படி இருக்கும்: காரணம் தெரியாத லேசான காய்ச்சல், தையலுக்கு மேலே கைவிரல் அகலத்துக்குச் சிவப்பு, தொட்டால் மெத்தென்று ஒரு வீக்கம், பிறகு நாற்றம். கடைசியாகத்தான் எச்சில். முதல் இரண்டு அடையாளத்திலேயே டியூட்டி டாக்டரிடம் காட்டினால் தையலை ஓரிடத்தில் திறந்து, தமனியிலிருந்து விலகிய பக்கமாக எச்சிலை வெளியே வழிய விட்டுவிடலாம். வாய்வழி ஊட்டல் தொடங்குவது கதிர்வீச்சு காணாதவர்களுக்கு 7-ஆம் நாள் வாக்கில், கண்டவர்களுக்கு 10 முதல் 14 நாள், பல இடங்களில் மருந்து விழுங்க வைத்து எக்ஸ்ரே எடுத்தபின். அதற்கு முன் "ஒரு வாய் தண்ணிதானே" என்று கொடுக்காதீர்கள். ரைல்ஸ் டியூப் நழுவி வெளியே வந்துவிட்டால் வார்டில் யாரையும் அப்படியே மறுபடி உள்ளே தள்ள விடாதீர்கள். குழாயின் முனை புதுத் தையலைக் குத்திக் கிழிக்கும். அறுவை செய்த குழுவுக்குச் சொல்லி அவர்களே போடட்டும். மூக்கில் ஒட்டியிருக்கும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தால் நழுவல் உடனே தெரியும்.

ஃபிஸ்டுலா வந்துவிட்டால் வாய்க்குப் பூட்டு, குழாயில் ஊட்டம், தினம் ஒன்றிரண்டு முறை காயத்தைக் கழுவிப் பஞ்சுத் துணி அடைத்தல். எச்சில் மூச்சுத் துளைக்கு அருகே வழிந்தால், நுரையீரலுக்குப் போகாமல் இருக்கப் பலூன் வைத்த குழாய் போடுவார்கள். சிறியவை சில வாரத்தில் தானே மூடும். கதிர்வீச்சு கண்ட கழுத்தில் நேரம் அதிகம் எடுக்கும், பெரியதாக இருந்தால் இன்னொரு முறை தசை கொண்டுவந்து மூட வேண்டும். இந்த வாரங்களில் மஞ்சள் தூள், தேங்காயெண்ணெய் எதுவும் புண்ணில் வேண்டாம். சொன்ன 84 கிராம் புரதம் தினமும் உள்ளே போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இந்தக் காலத்தில் காயத்திலிருந்தோ வாயிலிருந்தோ புதுச் சிவப்பு இரத்தம் ஒரு ஸ்பூன் வந்து தானாக நின்றாலும் அதை விட்டுவிடாதீர்கள். தமனி வெடிப்பதற்கு முன்னால் சில மணி நேரமோ ஓரிரு நாளோ முந்தி இப்படி ஒரு சின்னக் கசிவு வருவதுண்டு. வார்டில் என்றால் அந்த நிமிடமே கூப்பிடுங்கள். வீட்டில் என்றால் நின்றிருந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் 108 கூப்பிட்டு, அறுவை நடந்த மருத்துவமனைக்கே போங்கள். இரத்தம் ஓடிக்கொண்டிருந்தால் சுத்தமான துணியை மடித்து, ரத்தம் வரும் புள்ளியில் விரல்களால் அழுத்திப் பிடித்தபடியே போங்கள், எட்டிப் பார்க்கக் கையை எடுக்காதீர்கள். வெடிக்கும் முன்பே ஆஞ்சியோ வழியாக அந்தத் தமனியை அடைக்கவோ ஸ்டென்ட் வைக்கவோ முடியும்.

இதைப் படிப்பவர்களில் கதிர்வீச்சு வாங்காமல் முதல் சிகிச்சையாகவே கன்னம், ஈறு, நாக்குப் புற்றுக்கு அறுவைக்குப் போகிறவர்கள் இருந்தால், அவர்கள் கணக்கு வேறு. ஃபிஸ்டுலா ஆபத்து குறைவு, ஆனால் பின்னால் கதிர்வீச்சு தேவைப்பட்டால் அறுவை முடிந்து 6 வாரத்துக்குள் அது தொடங்கியாக வேண்டும். ஆறாத ஒரு புண் அந்தத் தேதியைத் தள்ளினால் நஷ்டம் தழும்பில் இல்லை, நோய் திரும்புவதில் இருக்கிறது. அவர்களுக்குத்தான் சாப்பாடும் புகையிலை நிறுத்தமும் இன்னும் அவசரம். கதிர்வீச்சுப் பாதையில் வரப்போகிற, காப்பாற்ற முடியாத பற்களை அதே மயக்கத்திலேயே பிடுங்கிவிடச் சொல்லுங்கள். கதிர் விழுவதற்கு முன் அந்தக் குழிகள் மூடக் குறைந்தது 2 வாரமாவது வேண்டும்.